மொட்டை மாடியில் ஒரு பவர் ஹவுஸ்!

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலையில் ஒரு வெள்ளை வேட்டியைக் காயப் போடுங்கள். சாயங்காலம் போய் எடுத்தால், ‘இது யாரோட வேட்டி?’ என்று நீங்களே கேட்பீர்கள். அவ்வளவு நிற மாற்றம்! பெசன்ட் நகரில் இருக்கும் என் ஆபீஸ் நண்பரிடம் இதைச் சொன்னேன். ‘‘சாம்பல் ஷேடா? நல்லாத்தான் இருக்கும். எந்தக் கடை?’’ என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் வீட்டு மாடிக்குக் கடல் காற்று மட்டும்தான் வருகிறது. எங்கள் மாடிக்குக் கடல் காற்று ஒரு பார்ட்னரோடு வருகிறது.

என் அம்மாவுக்கு வேட்டி பற்றிக் கவலையில்லை. அவள் கவலை எல்லாம் வடாம். ஜவ்வரிசி வடாம் பிழிந்து காயவைத்தால், மூன்று மணிக்குள் அது மிளகு வடாம் ஆகிவிடும் - மிளகே போடாமல்! இந்தக் கரும்புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சுற்றிலும் அத்தனை புகைக்கூண்டு, அத்தனை லாரி. சாம்பலில் யாரும் கம்பெனி முத்திரை குத்தி அனுப்புவதில்லையே!

அம்மாவுக்கு வீசிங் உண்டு. டாக்டர், ‘‘ஜன்னலைச் சாத்தி வையுங்க’’ என்றார். சாத்தினோம். புழுங்கியது. தவணையில் ஒரு ஏ.சி. வாங்கி மாட்டினேன். ஏ.சி. கரண்ட்டைக் குடித்தது. கரண்ட்டுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரி எரிந்தால் சாம்பல் வரும். சாம்பல் வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும்...

புரிகிறதா சார்? சாம்பலுக்குப் பயந்து நான் வாங்கிய ஏ.சி., எனக்கே இன்னும் கொஞ்சம் சாம்பலை ஆர்டர் செய்துகொண்டிருந்தது. அதுவும் என் காசில்!

2024 ஆகஸ்ட் கடைசியில் செல்போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. இரண்டு மாதத்துக்கு 620 யூனிட். பில், மூவாயிரத்துச் சொச்சம். அன்றைக்குத்தான் நான் தலையைத் தூக்கி சூரியனைப் பார்த்தேன்.

ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

நான் பி.காம். படித்தவன். எங்கள் ஜாதிக்கு அழுகை வந்தாலும் அதை டெபிட் பக்கம் எழுதிவிட்டுத்தான் அழுவோம். பில்லைப் பிரித்துப் போட்டேன்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் ஆக்கினார்கள். 2024-ல் அடுத்த நூறு யூனிட்டுக்குச் சலுகை விலை இருந்தது. ஆனால் அந்தச் சலுகை, மொத்தம் 500 யூனிட்டுக்குள் அடங்குகிற நல்ல பிள்ளைகளுக்கு மட்டும்தான். 500-ஐத் தாண்டினால் இரண்டாவது நூறுக்குக் கொடுத்த சலுகை போய்விடும். 2024 ஜூலைக் கட்டணப்படி நான் போட்ட கணக்கில், சரியாக 500 யூனிட் என்றால் பில் ஆயிரத்து எண்ணூறு வாக்கில் நிற்கிறது. 501 யூனிட் என்றால் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. அதாவது அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை இருநூறு ரூபாய்க்கு மேல்! சரவண பவன் மீல்ஸ் மாதிரி ஒரு யூனிட்.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு படியிலும் ரேட் ஏறிக்கொண்டே போகும். ஆக, மீட்டர் ஓட ஓட, விலையும் கூடவே ஓடுகிறது. ஏ.சி. வைத்திருக்கும் ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் இந்தப் படிக்கட்டு அத்துப்படி.

ஊருக்கே விளக்கு

இத்தனைக்கும் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் ஒன்றும் அசலூர் சரக்கு இல்லை. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் யூனிட்டுகள் 1970-க்கும் 1975-க்கும் இடையே ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. மொத்தம் 450 மெகாவாட். 2017-ல் மூடினார்கள். அதற்குள் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் வளர்ந்துவிட்டது. முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூர், அது ஒரு 1,500. கூட்டிப் பாருங்கள், 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவு திறன், ஒரு கழிமுகத்தைச் சுற்றி!

ராயபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு கதை உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது. அந்தப் பெருமையோடு துறைமுகத்து நிலக்கரித் தூசியும் சேர்ந்து வந்தது. கடைசியில் ஐகோர்ட் தலையிட்டு, 2011 அக்டோபரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளக் கூடாது என்றது. ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எங்கே போயிற்று என்கிறீர்களா? கொஞ்சம் வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அதாவது ராயபுரத்து இருமல் எண்ணூருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலை எடுத்துச் சீர்படுத்தச் சொல்லித் தீர்ப்பே எழுத வேண்டி வந்தது.

என் அப்பா இந்தப் பக்கத்து அனல் மின் நிலையம் ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் கிணற்றடி. பாதி சோப்பு கரையும் வரை தேய்ப்பார். சின்ன வயசில் நான், ‘‘ஏம்ப்பா இவ்ளோ அழுக்கு?’’ என்று கேட்டபோது சொன்னார்: ‘‘கரண்ட்டு சும்மா வராது நைனா. யாராச்சும் எங்கியாச்சும் அழுக்காவணும்.’’

அப்பா இப்போது இல்லை. அந்த வாக்கியம் இருக்கிறது.

கானாவிலிருந்து ஒரு போன்

ஸ்கூலில் எனக்குப் பக்கத்து பெஞ்ச்சில் இருந்தவன் இப்போது சரக்குக் கப்பலில் எலக்ட்ரிகல் ஆபீசர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கப்பல்காரராவது தேறுவார். சோலார் போடலாமா என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் துறைமுகமான டெமாவிலிருந்து அவன் போன் செய்தான்.

‘‘டேய், நான் இருக்கிற ஊரைப் பார்த்தா நம்ம ஊரு மாதிரியே கீதுடா. பெரிய துறைமுகம், பக்கத்துல மீன்பிடித் துறைமுகம், ஒரு ரிஃபைனரி, அலுமினிய ஃபேக்டரி... காசிமேட்டையும் மணலியையும் ஒண்ணா கட்டி வெச்ச மாதிரி!’’

அவன் சொன்ன கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். டெமா துறைமுகம் 1962-ல் திறக்கப்பட்டது. அங்கே அலுமினியம் உருக்கும் ஆலைக்குக் கரண்ட் வேண்டும் என்றுதான் முக்கியமாக வோல்டா நதியில் அகோசோம்போ அணையைக் கட்டினார்கள். 1965-ல் வேலை முடிந்தது. அணைக்காக ஊரைவிட்டு எழுந்துபோனவர்கள் சுமார் 80,000 பேர். ஆனாலும் 2012-லிருந்து நாலு வருஷம் போல அந்த நாடே மின்வெட்டில் தவித்தது. அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள் - ‘டும்சோர்’. அவர்கள் பாஷையில் ‘அணை - ஏற்று’ என்று அர்த்தம். நம் ஊரில் 2012-ல் சென்னைக்கே தினமும் இரண்டு மணி நேரம் கட் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? நாம் அதற்கு இவ்வளவு அழகான பெயர் வைக்கவில்லை. வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

கரண்ட்டுக்காக இடத்தைக் கொடுத்தவன் ஒருத்தன், சுவிட்சைப் போடுகிறவன் இன்னொருத்தன். இந்தக் கதை டெமாவுக்கும் எண்ணூருக்கும் பொது. இன்னொன்றும் பொது, வெயில்! ‘‘இங்க வசதி இருக்கிறவன்லாம் ஜெனரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு மாடியில பேனல் போடறான். நம்ம ஊர்லயும் அதே சூரியன்தானடா? போடு!’’ என்றான் நண்பன்.

கருவாடு கற்றுத் தந்த பாடம்

யோசித்தால், சோலார் எங்கள் பக்கத்துக்குப் புதுசே இல்லை. காசிமேட்டு மணலில் கருவாடு காயப் போடுகிற பாட்டிகள் பல தலைமுறையாக அதைத்தானே செய்கிறார்கள்? மீட்டர் இல்லை, பில் இல்லை. வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பேனலுக்கும் அதே வெயில்தான். ஆனால் ஒரு வித்தியாசம். கருவாட்டுக்குச் சூடு வேண்டும். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது! 25 டிகிரிக்கு மேல் பேனலின் சூடு ஏற ஏற, டிகிரிக்கு அரை சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவாக உற்பத்தி இறங்கும். கத்திரி வெயிலில் நமக்கு வேர்க்கிற மாதிரி அதற்கும் வேர்க்கும். பிப்ரவரி, மார்ச்சில் பளிச்சென்று வானம் இருக்கிற நாட்கள்தான் அதற்குக் கல்யாண சீசன்.

மற்றபடி மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இரண்டே வரி. ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். சென்னை வெயிலில் அது வருஷ சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் வாக்கில் தரும். என் வீட்டுக்கு 2 கிலோவாட் என்றால் நாளைக்கு 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. என் 620-ல் 480 கழிந்தால் மீதி 140.

140 யூனிட்டுக்கு பில் நூறு ரூபாய்க்குள்! கால்குலேட்டரை மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். சரிதான்.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டில் பிரமாண்டமாக ஒரு சோலார் நிலையம் வந்தது. அதற்குச் சுமார் 2,500 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. எனக்குத் தேவை 200 சதுர அடி. அதுவும் ஏற்கெனவே தலைக்கு மேல் சும்மாக் கிடக்கிறது.

சும்மாவா கிடக்கிறது? அங்கேதான் வந்தது வில்லங்கம்!

மாடி யாருக்குச் சொந்தம்?

எங்கள் வீடு தாத்தா கட்டியது. கீழே பெரியப்பா, மேலே நாங்கள். மொட்டை மாடி பொது. அதில் வடக்குப் பாதி அம்மாவின் வடாம் மண்டலம். தெற்குப் பாதியில் பெரியம்மாவின் கொடி. நடுவில் பெரியப்பாவின் ஈஸிசேர். இந்த எல்லைக்கோட்டை மீறித் தண்ணீர்த் தொட்டியைக்கூட யாரும் நகர்த்தியதில்லை.

பெரியப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

‘‘பேனலை நீ போட்டா, கரண்ட்டு யாருக்கு?’’

‘‘எங்க மீட்டருக்கு, பெரிப்பா.’’

‘‘வெயிலு?’’

‘‘வெயிலா?’’

‘‘வெயிலு ரெண்டு பேருக்கும் பொதுவாச்சேப்பா!’’

கோர்ட்டில் நிற்காத வாதம்தான். ஆனால் பெரியப்பாவின் ஈஸிசேரில் நிற்கும்! கடைசியில் மோட்டார் கனெக்‌ஷனை எங்கள் மீட்டருக்கு மாற்றிக்கொள்வது என்றும், கீழ் வீட்டுக்கும் நானே தண்ணீர் ஏற்றித் தருவது என்றும் சமாதானம் ஆனது. எழுதியும் வைத்துக்கொண்டோம். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேனல் 25 வருஷம் உழைக்கும். சொந்தக்காரர்களின் ஞாபக சக்தி அவ்வளவு நாள் உழைக்காது.

அடுத்த வில்லங்கம் நிழல். பேனல்களைச் சங்கிலி மாதிரி வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். ரேஷன் கடை க்யூவில் ஒரு பாட்டி சில்லறை தேடி நின்றால் பின்னால் மொத்த க்யூவும் நிற்குமே, அந்த மாதிரி ஒரு பேனலில் தொட்டியின் நிழல் விழுந்தால் மற்ற பேனல்களின் உற்பத்தியையும் அது இழுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது மாடி எழுப்பப் போகிறாரா என்பதை முன்னாலேயே டீக்கடையில் விசாரித்துவிடுவது நல்லது.

மூன்றாவது வில்லங்கம் புறா. வடசென்னையில் மாடிக்கு மாடி பந்தயப் புறா வளர்ப்பார்கள். எங்கள் பின்வீட்டுத் தம்பியிடம் ஒரு முப்பது உருப்படி. எங்கெங்கோ கொண்டுபோய்ப் பறக்கவிட்டாலும் வழி தவறாமல் வீடு திரும்பும் கெட்டிக்காரப் பறவைகள். திரும்பி வந்து எங்கே உட்கார்ந்து இளைப்பாறுமாம்? புத்தம் புது, வழவழ பேனலில்தான்! உட்கார்ந்தால் பரவாயில்லை. உட்கார்ந்துவிட்டுச் சும்மா இருக்காதே!

டெபிட்டும் கிரெடிட்டும்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம், மூன்றாவதுக்கு 18,000. ஆக அதிகபட்சம் 78,000. பேனல் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும், பதிவு பெற்ற ஆள்தான் மாட்ட வேண்டும். முழுப் பணத்தையும் முதலில் நாம் புரட்டி, மாட்டி, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகு மானியம் நம் பாங்க் கணக்குக்கு வரும். நீங்கள் கையெழுத்துப் போடும் அன்றைக்கு மானிய நிலவரம் என்ன என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்த கொட்டேஷன் 1,40,000. மானியம் 60,000. கைக்காசு 80,000. வருஷத்துக்கு மூன்று பில் 620 யூனிட், மூன்று பில் 400 யூனிட் என்று வைத்தால், மிச்சம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். ஆறரை வருஷத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் சூரியன் எனக்கு ஓவர்டைம் கேட்காமல் உழைப்பான்.

சந்தோஷமாக இதை எதிர்வீட்டு அக்காவிடம் விளக்கினேன். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டி.வி., இரண்டு ஃபேன். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்.

‘‘எனக்குப் போட்டா இன்னா மிச்சம்னு பார்த்துச் சொல்லு தம்பி.’’

பார்த்தேன். முதல் நூறு இலவசம். மீதி எண்பதும் சலுகை விலை. பில் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்குள். வருஷத்துக்குச் சுமார் ஆயிரத்து நூறு. ஒரு கிலோவாட் பேனலுக்கு மானியம் போக அவர் கையிலிருந்து 45,000 வேண்டும். போட்ட பணம் திரும்ப நாற்பது வருஷம்! பேனலின் ஆயுளே இருபத்தைந்து.

‘‘அப்போ எனக்கு இது வேலைக்கு ஆவாது’’ என்று அக்கா சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். எவ்வளவுக்கெவ்வளவு கரண்ட்டைக் குடிக்கிறீர்களோ, அவ்வளவுக்கவ்வளவு சோலார் லாபம். நாலு ஏ.சி. போட்ட பங்களாவுக்கு ஜாக்பாட். சாம்பலை முழுசாக மூச்சில் வாங்கிக்கொண்டு இரண்டு ஃபேன் மட்டும் ஓட்டுகிற வீட்டுக்கு நஷ்டம். இலவச யூனிட்டைக் குறை சொல்லவில்லை சார், அது அந்த அக்காவுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. ஆனால், ‘ஒவ்வொருவரும் உங்கள் மாடியில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிற திட்டம், மாடியே இல்லாதவர்களையும், மாடி இருந்தும் கணக்கு உதைக்கிறவர்களையும் தாண்டிப் போய்விடுகிறது. வாடகை வீட்டுக்காரர்கள், ஹவுஸிங் போர்டு குடியிருப்புக்காரர்கள் எல்லாம் இந்த லிஸ்ட்டில்தான்.

வழி இல்லாமல் இல்லை. அடுக்குக் குடியிருப்புச் சங்கங்கள் சேர்ந்து பொது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பேனல் போட்டால், கிலோவாட்டுக்கு 18,000 மானியம் என்று அதே திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். டில்லியில் 2019-லேயே இன்னொரு ஏற்பாட்டுக்கு விதிமுறை வந்தது. பேனல் ஒரு பொது இடத்தில் இருக்கும், அதன் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்லில் பங்கு பிரித்துக் கழித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் பாருங்கள்... தொழிற்சாலைக் கூரைகள், குடோன்கள், பள்ளிக்கூடங்கள், மீன் ஏலக் கூடம்! இத்தனை கூரையும் வெயிலை வாங்கிக் கீழே இருக்கிறவன் தலையைச் சுடுவதைத் தவிர வேறு என்ன செய்கின்றன? கொச்சி விமான நிலையம் 2015-லேயே முழுக்கச் சூரிய சக்தியில் ஓடுவதாக அறிவித்துவிட்டது. விமானத்தில் போகிறவர்களுக்கு முடிந்தது, மீன் கூடை தூக்குகிறவர்களுக்கு முடியாதா?

மாட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கடலோரவாசிகள் இதை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

- தாங்கும் சட்டம் என்ன? உப்புக் காற்றில் சாதா இரும்பு கருவாடாகிவிடும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு அல்லது அலுமினியம், அதற்குத் துருப்பிடிக்காத போல்ட்டு. பேனல் உப்புக் காற்றுச் சோதனையில் தேறியதா என்றும் கேளுங்கள்.

- புயலுக்குத் தாங்குமா? 2016 டிசம்பரில் வர்தா எங்கள் தெருவில் தகரக் கூரைகளைப் பட்டம் விட்டுவிட்டுப் போனது. தளத்தில் எப்படிப் பிடிமானம் கொடுக்கிறார்கள், ஓட்டை போட்ட இடத்தில் மழைநீர் இறங்காமல் என்ன செய்கிறார்கள் என்று நேரில் நின்று பாருங்கள்.

- எந்தத் தண்ணீரில் கழுவுவது? எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. கழுவினால் கண்ணாடியில் கோலம் போட்ட மாதிரி காயும். மெட்ரோ வாட்டர் இரண்டு பக்கெட் ஒதுக்குங்கள். கழுவுவது காலையிலோ சாயங்காலமோ. உச்சி வெயிலில் சுடுகிற கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

- மீட்டர் எப்படி? போவதையும் வருவதையும் தனித்தனியே எண்ணுகிற மீட்டர் வைப்பார்கள். பகலில் மிஞ்சுவது வெளியே போகும், ராத்திரி தேவைக்கு உள்ளே வரும், வித்தியாசத்துக்கு பில். இது தவிர வேறு கட்டணம் ஏதும் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

- கரண்ட் போனால்? இதற்குத் தனியாக ஒரு கதையே இருக்கிறது, வாருங்கள்.

கப்பலில் இருந்து வந்த பதில்

2025 தை மாதம் நாலு பேனல் மாடி ஏறியது. அம்மா குங்குமம் வைத்தாள். (கண்ணாடி மேல் வேண்டாம் என்று கெஞ்சி, சட்டத்தில் வைக்கச் சொன்னேன்.) பின்வீட்டுத் தம்பி புறாக்களுக்குப் புதுப் பலகை அடித்துக் கொடுத்து, எங்கள் பக்கம் ஒரு வலையும் கட்டினான். எல்லாம் சுபம்.

பத்தாவது நாள், நட்டநடுப் பகலில் தெருவில் கரண்ட் போனது. எங்கள் வீட்டிலும் போனது!

‘‘இன்னாடா இது? வெயிலு மண்டையைப் பொளக்குது, ஃபேன் சுத்தலை! உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா’’ என்றாள் அம்மா. கீழேயிருந்து பெரியப்பாவின் சிரிப்பு கேட்டது.

கப்பல் நண்பனுக்குப் போன் போட்டேன். ‘‘உன் இன்வெர்ட்டர் சரியாத்தான் வேலை செய்யுதுடா. தெருவுல கரண்ட் இல்லைன்னா அது தானா நின்னுடணும். இல்லாட்டி உன் மாடிக் கரண்ட் கம்பத்துக்கு ஏறும். கரண்ட் இல்லைன்னு நம்பி லைன்மேன் கையை வைப்பாரு. அவருக்கும் வீட்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்ல?’’ என்றான்.

பாட்டரி உள்ள ஏற்பாடு என்றால் கட் ஆனாலும் ஓடும். ஆனால் அதற்குச் செலவு தனி. இதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அம்மா சமாதானம் ஆனாள். ‘‘அந்தப் புள்ளை நல்லா இருக்கட்டும். நமக்கு விசிறி கீது’’ என்றாள்.

பில்? அடுத்து வந்தது அறுபது ரூபாய். அதை பிரிண்ட் எடுத்து ஆபீஸில் காட்டினேன். பெசன்ட் நகர் நண்பர் உடனே ஐந்து கிலோவாட்டுக்கு விலை விசாரிக்கப் போய்விட்டார். வேட்டி ஷேடு பற்றி அப்புறம் கேட்கவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பில் கதை அல்ல.

செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது. அன்றன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று காட்டும். பங்குச் சந்தை பார்க்கிற மாதிரி தினமும் பார்ப்பேன். முதல் வாரம் எட்டரை, எட்டே முக்கால். பிறகு எட்டே கால். எட்டு. மூன்றாவது வாரம் ஏழரை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயிலில் குறையில்லை. என்னவோ ரிப்பேர் என்று பயந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள்.

ஒரு இழுப்பு இழுத்தேன். வெள்ளை பனியன், அடுப்புக்கரியைத் துடைத்த மாதிரி ஆனது. பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். நாலு பேனலுக்குப் பக்கெட் தண்ணீர் மொத்தமும் கறுத்துவிட்டது. வெறும் இருபது நாள் சேர்ந்தது.

அம்மா அந்தப் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடுப்பிலிருந்த இன்ஹேலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

‘‘இந்தக் கண்ணாடியை மாசம் ரெண்டு வாட்டி தொடைச்சிடலாம்டா...’’ என்றாள். கொஞ்சம் பொறுத்து, ‘‘என் நெஞ்சை யாரு தொடைப்பா?’’

அன்று சாயங்காலம் ஆப் எட்டே முக்கால் காட்டியது. வேட்டியில் பட்டால் துவைத்துவிடுவோம். வடாமில் பட்டால் எண்ணெயில் பொரித்துவிடுவோம். மறந்தும் போவோம். பேனலுக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு சாம்பல் இறங்குகிறது என்பதை, யூனிட் கணக்கில், தேதி போட்டு எழுதி வைக்கிறது. நான் பி.காம். படித்தவன். அந்தக் கணக்கை நோட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். தேதி, யூனிட், கழுவிய நாள். எதிர்வீட்டு அக்காவும், ஹவுஸிங் போர்டில் இருக்கும் நாலு சங்கத்துக்காரர்களும் அடிக்கடி வந்து புரட்டிப் பார்க்கிறார்கள். பொதுக் கூரை கேட்டு மனு எழுதும்போது இந்த நோட்டையும் பின் குத்த வேண்டுமாம்.

‘யாராச்சும் எங்கியாச்சும் அழுக்காவணும்’ என்றார் அப்பா. இப்போதைக்கு எங்கள் வீட்டில் மாதம் இரண்டு தடவை ஒரு பனியன் அழுக்காகிறது. பழைய பனியன் ஸ்டாக் தீர்ந்துகொண்டு வருகிறது. பெசன்ட் நகர்க்காரர்கள் யாராவது அனுப்பி வைத்தால் நல்லது. வெள்ளையாக இருந்தால் உத்தமம் - கணக்கு பளிச்சென்று தெரியும்!